வில்லம்மா நிற்கிற பக்கம்

பேட்ச் இறங்கிக்கொண்டிருந்தது. டிவியின் நடுவில் ஒரு நீலக் கோடு. அது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக நகர வேண்டும். நகர்கிறதா என்றால், சத்தியமாக மகுடபதிக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அசைய மாட்டேன் என்கிறது, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விரல்கடை தள்ளி நிற்கிறது. நாலு மணிக்கு ஷாகுல் கூப்பிடுவான். அதற்குள் இறங்கிவிடும். இறங்கியே ஆக வேண்டும். பேட்ச் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கேமை விற்றுக் காசு வாங்கின பிறகு அதில் கிடக்கிற ஓட்டை உடைசலை அடைக்கக் கம்பெனிக்காரன் இன்டர்நெட்டில் அனுப்பி வைக்கிற மருந்து. மருந்து. அட, அந்த வார்த்தை இப்போது எதற்கு? ஒட்டு என்று வைத்துக்கொள்வோம். ‘காட்சிக் கோளாறுகள் சில சரிசெய்யப்பட்டன’ என்று அந்த ஒட்டோடு சேர்த்துக் குறிப்பு போட்டிருந்தான். சில என்றால் எதெது? வலது மூலை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் குறைந்தா போவான்? போடவில்லை. போடாவிட்டால் என்ன, எல்லாவற்றையுமா எழுதுவார்கள், சிலது எழுதாமலே சரி செய்வார்கள், எத்தனை கேமில் பார்த்திருக்கிறான். மகுடபதியும் ஷாகுலும் ‘சேவ் பண்ணியாச்சா’ என்று யூட்யூபில் ஒரு சேனல் நடத்துகிறார்கள், இவன் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு, அவன் திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு. ரோல் ப்ளேயிங் கேம், அதாவது நாமே ஒரு வீரனாக வேஷம் கட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு ஊர் ஊராகத் திரிகிற கேம், அது மட்டும்தான் பேசுவார்கள். புதிதாக வருகிறதையும் பேசுவார்கள், பழையதைத் தூசி தட்டி, படத்துக்கு மெருகேற்றி, ரீமாஸ்டர் என்று பேர் வைத்து மறுபடி விற்கிறானே, அதையும் பேசுவார்கள். எல்லாக் கேமுக்கும் தமிழில் ஒரு பட்டப்பேர் வைப்பது இவர்கள் வழக்கம். இந்த வாரத்துக் கேமுக்கு ஏழாம் வாசல். காலேஜ் நாளில் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து ஆடினது, இப்போது ரீமாஸ்டராக வந்திருக்கிறது. போன வாரமே முதல் பார்வை என்று ஒரு சின்ன வீடியோ போட்டு, மகுடபதி அதைக் கிழி கிழி என்று கிழித்தாயிற்று. இன்று முழு விமர்சனம். போன வாரம் கிழித்தது சரிதானா என்பது இந்த நீலக் கோட்டின் கையில் இருக்கிறது.

என்ன கிழித்தான்? வலது மூலை தெரியவில்லை என்று கிழித்தான். இருட்டு என்றுகூட அதைச் சொல்ல முடியாது, இருட்டாவது கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்ட மாதிரி. அந்த மூலையில்தான் ஊர் வழி காட்டுகிற குட்டி மேப் இருக்கும். அந்தப் பக்கத்தில்தான் வில்லம்மா நடந்து வருவாள். அவள் நிஜப்பேர் வாயில் நுழையாது, சிவப்பு முண்டாசு கட்டிக்கொண்டு வில்லோடு வருகிற கூட்டாளி, வீரனுக்கு வலது கைப்பக்கம்தான் எப்போதும் அவளுக்கு இடம். ரீமாஸ்டரில் அவளைக் காணோம். குரல் கேட்கிறது, அம்பு பாய்கிறது, ஆளைக் காணோம். ‘எங்கடா போனா’ என்று திரும்பிப் பார்த்தால் இங்கேதானே இருக்கேன் என்று நிற்கிறாள், முண்டாசு முதற்கொண்டு பளிச்சென்று. மகுடபதிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இருபது வருஷ அனுபவம் என்ன சும்மாவா? கேமில் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும்தான் வரைவார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற மலையும் மரமும் அந்த நேரத்தில் கிடையவே கிடையாது, திரும்பினால்தான் பிறக்கும். மெஷினுக்குச் சுமை குறைய எல்லாக் கம்பெனியும் செய்கிற தந்திரம்தான். இந்தச் சோம்பேறி கொஞ்சம் அதிகமாகவே மிச்சம் பிடித்து, திரையோட ஓரத்தையும் வரையாமல் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கிறபோது மட்டும் அவசர அவசரமாக வரைந்து வைக்கிறான் என்று மகுடபதி விளக்கினான் பாருங்கள், அடடா, கீழே எத்தனை பாராட்டு! சரியாச் சொன்னீங்க ப்ரோ, நானும் கவனிச்சேன் ப்ரோ, காச வாங்கிட்டு ஏமாத்தறானுங்க ப்ரோ. ஒரே ஒருத்தன் மட்டும், ‘அண்ணே, எங்க வீட்டு டிவில மூலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க’ என்று எழுதியிருந்தான். இவன் அதற்கு ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டுவிட்டு, வீட்டில் யாரும் பார்க்காதபோது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்தும் அப்படியேதான் இருந்தது. மறுநாள் டிவிக்குப் போகிற கேபிளை மாற்றினான்.

“டீ.”

மகுடபதி துள்ளி விழுந்தான். கையிலிருந்த கன்ட்ரோலர் தரையில் போய் விழுந்து உருண்டது. கோகிலவாணி டம்ளரோடு வலப்பக்கம் நின்றிருந்தாள், நாற்காலியை ஒட்டி, சேலை உரசுகிற தூரத்தில். “எப்ப வந்த நீ?” என்றான். “எப்ப வந்தன்னா? சித்த நேரமா நின்னுட்டுத்தான் இருக்கறனுங்க. டீ ஆறிப்போகுதே, எப்பத்தான் திரும்புவீங்கன்னு பாத்தேன். பேய் கீய் அடிச்சிருச்சா?” என்று சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு. பத்து நாளாகவே அவளுக்கு இது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது, மனுசன் என்னமா பயப்படறாரு என்று. கூடத்திலிருந்து அப்பா, “என்ன அம்மிணி உழுந்துச்சு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க மாமா, உங்க பையன்தான்,” என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள். போகும்போது வாசற்படி தாண்டினதை மகுடபதி பார்க்கவில்லை. அவள் இருந்தாள், பிறகு இல்லை. தலையைத் திருப்பினால் காலி வாசல். டீயைக் குடித்தான். சூடு குறைந்திருந்தது. ஆமாம், ரொம்ப நேரமாகத்தான் நின்றிருக்கிறாள்.

அப்பா கூடத்தில் நாற்காலியை இந்த அறைப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். ரெக்கார்டிங் நாளன்று அவர் அப்படித்தான். கேமில் அவருக்கு ஒரு எழவும் புரியாது, மகன் பேசுகிறான் என்று கேட்பார், அந்த வில்லுக்காரப் பொண்ணு என்ன ஆனா என்று சாப்பிடும்போது விசாரிப்பார். கண் பார்வை போய் இப்போது காதுதான் அவருக்கு எல்லாம். கரண்ட் ஆபீஸில் வயர்மேனாக இருந்த மனுசன். எந்தக் கம்பத்தில் எந்த வயர் இளைத்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்லுவார். அவர் ஒரு நாள் கூடத்து ட்யூப்லைட்டைப் பார்த்து, ‘இது மங்கிப்போச்சுடா, புதுசு வாங்கிட்டு வா’ என்றார். மகுடபதிதான் வாங்கி வந்தான். ஸ்டூல் மேல் ஏறி அவரேதான் மாட்டினார். கொஞ்ச நாள் போய் அதுவும் மங்கிவிட்டது என்றார். கடைக்காரன் கம்பெனிச் சரக்கு தருவதில்லை என்று திட்டிக்கொண்டு இன்னொன்று. அதுவும் சரியில்லை. பிறகு லோ வோல்டேஜ் என்றார், ட்ரான்ஸ்பார்மரில் லோடு ஜாஸ்தி என்றார், தன் ஆபீஸில் போய்த் தானே சண்டை போட்டார். மூன்றாவது ட்யூப்லைட் மாட்டின அன்றைக்கு அம்மா இருந்துகொண்டு, ‘ஏனுங்க, எங்களுக்கெல்லாம் வெளிச்சம் நல்லாத்தானே இருக்குது’ என்றாள். அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு லைட்டையே பார்த்தார். அந்த முகம் மகுடபதிக்கு மறக்கவே மறக்காது. அப்பா பயந்து அன்றைக்குத்தான் பார்த்தான். அப்புறம் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள்ளே பிரஷர் ஏறி, சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். காப்பாற்றவும் முடியவில்லை. அதே டாக்டர் மகுடபதியைப் பார்த்து, இது அப்பாகிட்டருந்து பிள்ளைக்கு வரும், வருசம் ஒருக்கா வந்து பாத்துக்குங்க என்றார். சரிங்க சார், சரிங்க சார் என்று தலையை ஆட்டினான். அடுத்த மாசம் போகலாம், தீபாவளி போகட்டும், செல்போன் கடையில் ஆள் இல்லை, பொங்கல் போகட்டும். ஐயோ, எத்தனை பொங்கல் போய்விட்டது!

நீலக் கோடு பாதி தாண்டியிருந்தது. இல்லை, இது அது இல்லை. இது கேம். அப்பாவுக்கு வெளிச்சம் குறைந்தது, எனக்கு வெளிச்சம் குறையவில்லை, மூலை மட்டும்தான், அதுவும் திரும்பிப் பார்த்தால் சரியாகிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால். மகுடபதியின் நினைப்பு அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. முள்ளில் வேட்டி மாட்டினது போல முன்னாலும் போக மாட்டேன் என்றது, பின்னாலும் வர மாட்டேன் என்றது. திரும்பினது எது? கேமில் திரும்ப வேண்டுமென்றால் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அந்தக் குமிழைத் தள்ள வேண்டும். தள்ளினால் கேமரா திரும்பும், கேமரா திரும்பினால் வரைவான். நான் குமிழைத் தள்ளினேனா? தள்ளவில்லை. கழுத்தைத்தான் திருப்பினேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் கழுத்தை நான் திருப்பினேன். நான் எங்கே பார்க்கிறேன் என்று டிவிக்கு எப்படித் தெரியும்? மகுடபதிக்கு முதுகில் வேர்த்தது. ஃபேன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஊரெல்லாம் கேட்க, தெரிந்தவன் மாதிரி, அத்தனை விளக்கம் கொடுத்தேனே, ஒரு பைத்தியக்காரன்கூடவா இதைக் கேட்கவில்லை? சரி, பொறு, பொறு, பதறாதே. வேறு காரணம் இருக்கும். வைகாசியில் அந்தப் புதுக் கேம், பனிமலைக் கேம், அதற்கு மார்க் குறைத்தாயே, எதற்குக் குறைத்தாய்? வலது பக்கமிருந்து ஓநாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுகிறது, ஆடுகிறவனுக்கு ஒரு எச்சரிக்கைகூடத் தர மாட்டானா என்றுதானே? அதற்கு முன்னாடி அந்தக் கப்பல் கேம், அதில் என்ன குறை சொன்னாய்? பொருள் வைக்கிற பையை மூலையில் ஒளித்து வைத்துவிட்டான் என்று. ஒன்று ஜப்பான்காரன் செய்தது, இன்னொன்று போலந்துக்காரன் செய்தது, இது எவனோ. இத்தனை நாட்டுக்காரனும் ஒன்றுகூடிப் பேசிவைத்துக்கொண்டா வலது மூலையில் மட்டும் கோட்டை விட்டார்கள்? போன வாரம் பன்னீர்செல்வம் பார்க் கிட்டே வலது பக்கமிருந்து ஒரு பைக், எங்கிருந்து முளைத்தான் என்றே தெரியாது, உரசிக்கொண்டு போய் நின்று, ‘யோவ், கண்ணு என்ன பொடனிலயா இருக்கு’ என்று கத்தினான். பின்னால் உட்கார்ந்திருந்த கோகிலா, இனிமே நான் ஓட்டறனுங்க என்றாள். எவ்வளவு கோபம் வந்தது அவள் மேல்! கடையில் செல்போனைப் பிரித்தால் கழற்றி வைத்த திருகாணி காணாமல் போகிறது, தேடு தேடு என்று தேடினால் கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, வலது கைக்கு. செல்போன் பிரிக்கிறவனுக்குக் கண் போனால் என்ன இருக்கிறது? கேம் போகும், கடை போகும், வண்டி போகும். கோகிலா சிரித்தால் சத்தம் மட்டும் வரும். அப்பா மாதிரி தட்டில் கையால் துழாவி, இது பொரியலா ரசமா என்று கேட்டுக்கொண்டு. ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு நாற்காலி. கடவுளே, வேண்டாம்.

டிங் என்றது. பேட்ச் இறங்கிவிட்டது.

அவன் உடனே தொடவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். பிறகு கேமைத் திறந்து, ஏரிக்கரையில் சேவ் செய்து வைத்திருந்த இடத்துக்குப் போய் நின்றான். வீரன் நடுவில் நின்றான். இடப்பக்கம் மருத்துவச்சி, முன்னால் குள்ளப்பன், மற்றக் கூட்டாளிகள் எல்லாரும் இருந்தார்கள். கழுத்தைத் திருப்பாதே, திருப்பினால் தெரியாது, வீரனோட முதுகையே பார். பார்த்தான். வலது பக்கம் ஏரி கொஞ்ச தூரம் வந்து, பிறகு ஏரியும் இல்லை, கரையும் இல்லை. அமைப்புகளுக்குள் போனான். ஓரம் மங்கலாக்கும் வசதி என்று ஒன்று உண்டு, சினிமா மாதிரித் தெரிவதற்காக வைத்திருப்பார்கள், அது ‘வேண்டாம்’ என்று இருந்தது. ‘வேண்டும்’ என்று மாற்றினான். இடப்பக்க மூலைகள் அழகாக மங்கின. வலப்பக்கம் ஒரு மாற்றமும் இல்லை. ‘வேண்டாம்’ என்று திருப்பி வைத்தான். சரி, பேட்ச் சரியாக ஏறவில்லை என்று ஒரு குரல் மனசுக்குள் சொன்னது, அழித்துவிட்டு மறுபடி இறக்கு, இல்லாவிட்டால் டிவியே பழுதாக இருக்கும், வாங்கி ஆறு வருஷம் ஆகிறதே. மூலையில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரை மகுடபதி அப்போதுதான் பார்த்தான். ரீமாஸ்டரை விமர்சனம் செய்கிறவன் பழைய கேமையும் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே இடத்தை இரண்டிலும் காட்ட வேண்டும், அது இவர்கள் சேனலோட சட்டம். ஒப்பிடாமல் பேசுகிறவன் விமர்சகனே இல்லை என்று எத்தனை பேரை நக்கலடித்திருக்கிறான்! இந்தத் தடவை மட்டும் ஃபேன் கத்துகிறது, கீபோர்டு சரியில்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். இப்போது போய் அதைப் போட்டான். கரகரவென்று கத்திக்கொண்டு எழுந்தது. கட்டை கட்டையாகப் பழைய ஏரி, பழைய வீரன், மானிட்டரோ மூஞ்சியளவுதான். அவன் எப்போதும் போல முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். வில்லம்மா இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, இவள் பின்தங்கிவிட்டாளா என்று பார்த்துப் பார்த்து ஆடின அதே கேமில், அதே கரையில், வலப்பக்கம் ஆள் இல்லை. கழுத்தைத் திருப்பினான். இருந்தாள். மூன்று கட்டமும் ஒரு சிவப்புமாக, அந்தக் காலத்து வில்லம்மா, எங்கேயும் போகாமல்.

அப்பா ஸ்டூல் மேல் நின்ற மாதிரியே மகுடபதி நின்றான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, இத்தனை நாளும் அதை மட்டும் செய்யாமல் இருந்தான். இடது உள்ளங்கையை எடுத்து இடது கண்ணை மூடினான். வலது கண் மட்டும். எதிரே சுவரில் காலண்டர், அதில் முருகன். முருகன் முகம் தெரிந்தது. முகத்தைச் சுற்றி என்ன இருந்தது என்று தெரியவில்லை. வேல் இருக்க வேண்டும், மயில் இருக்க வேண்டும். கையை எடுத்தான். வேலும் மயிலும் வந்தன. மறுபடி மூடவில்லை. போதும்.

போன் அடித்தது. நாலு மணி. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைப் போட்டு, சிவப்பு விளக்கு எரிவதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். “வணக்கம் மக்களே, சேவ் பண்ணியாச்சா?” என்று ஷாகுல் ஆரம்பித்துவிட்டான். அவன் குரலில் எப்போதும் ஒரு கல்யாண வீடு இருக்கும். கதை நல்லா இருக்கு, பாட்டு அப்படியே இருக்கு, சண்டை வேகமா இருக்கு என்று அடுக்கிக்கொண்டே போனான். இவனும் உம் கொட்டினான், இரண்டு இடத்தில் ஏதோ பேசக்கூடச் செய்தான், வாய் அதுபாட்டுக்குப் பேசியது. “சரி பங்கு,” என்றான் ஷாகுல், “போன வாரம் வலது மூலை தெரியலன்னு அந்தக் கிழி கிழிச்சியே. உள்ளதச் சொல்றேன், எனக்கு அது படவே இல்லடா. இன்னைக்குப் பேட்ச் போட்டியே, சரியாயிருச்சா?”

சரியாயிருச்சு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. சொன்னால் ஷாகுல் அடுத்த விஷயத்துக்குப் போவான், மார்க் போடுவார்கள், கோகிலா தோசை ஊற்றுவாள். அடுத்த மாசம் வேறொரு கேம் வரும், அதில் வேறொரு குறை கிடைக்கும், அதற்கடுத்து இன்னொன்று. அப்பாவுக்குப் பழி போட ட்யூப்லைட்தான் இருந்தது, மூன்றோடு தீர்ந்துபோனது. எனக்குத் தீரவே தீராதே. மாசாமாசம் புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்குமே, கடைசி வரைக்கும் எவன் தலையிலாவது போட்டுக்கொண்டே இருக்கலாமே. அந்த நினைப்பில்தான் மகுடபதிக்கு உண்மையாகக் குலை நடுங்கியது.

“கேம் நல்லா இருக்கு பங்கு,” என்றான். “மூலையில ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் தெரியல.”

“எது தெரியல?”

“வலது பக்கம். கேம்ல இல்ல, பழசுலயும் தெரியல. சுவத்துல காலண்டரும் தெரியல. எனக்குப் பயமா இருக்குடா ஷாகுலு.”

ஷாகுல் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வலது தோளில் ஒரு கை வந்து விழுந்தபோதுதான் அப்பா வந்து நிற்பது மகுடபதிக்குத் தெரிந்தது. அந்தக் கை தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, காதைத் தொட்டு, கன்னத்தைத் தடவிக் கண்ணாடியின் விளிம்பில் வந்து நின்றது.

“மகுடா,” என்றார் அப்பா. “நான் மூணு ட்யூப்லைட் மாத்துனேன். நீ என்னென்ன மாத்துன?”

“டிவிக் கேபிள் ஒண்ணு மாத்துனனுங்கப்பா. அப்புறம், இப்ப இந்தப் பேட்ச்.”

“ரெண்டுதானே,” என்றார். மகனுக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. “ரெண்டுதானே சாமி. எந்திரி. எனக்குச் சொட்டு மருந்து எழுதற டாக்டரு ஞாயித்துக்கெழமையும் இருப்பாரு. அம்மிணிய வண்டிச் சாவி எடுக்கச் சொல்லு. நீ ஓட்டாத.”